தீவுக்கு அரசியல் யாப்பு, எனக்குப் பாண்துண்டு

எங்கள் நாட்டில் அரசியல் யாப்பைத் திருத்துவதற்கென்று அமைத்த குழுக்களில் நான் இருந்திராத குழு குறைவு. அவற்றில் ஒன்றுகூட ஒரு கமாவைத் திருத்தியதில்லை. வெளிநாட்டில் இதற்கு அனுபவம் என்று பெயர். அந்த அனுபவத்தை மதித்துத்தான் கனடாவின் மொன்றியலில் இருந்து ஒரு பேராசிரியை என்னை அழைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

விஷயம் இதுதான். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. இந்தக் காலத்திலும் அதை ஓர் ஐரோப்பிய நாடு ஆளுநரை அனுப்பி ஆண்டுகொண்டிருக்கிறது. தீவு மக்களுக்கு ஒரு சபை உண்டு. தெருவிளக்கு, குப்பை, சந்தை என்பவற்றோடு அதன் அதிகாரம் முடிந்துவிடும். மற்றதெல்லாம் ஆளுநர் கையில். எங்கள் அலுவலை நாங்களே பார்க்கிறோம், யாப்பைத் திருத்தித் தாருங்கள் என்று அந்த மக்கள் கேட்கிறார்கள். ஆள்பவர்களோ, பக்கத்துப் பெரிய நாட்டில் அரசாங்கம் கவிழ்ந்து கிடக்கிறது, துப்பாக்கிக்காரர் தெருவில் நிற்கிறார்கள், படகு படகாகச் சனம் வருகிறது, இந்த நேரத்திலா இது என்கிறார்கள். இப்போதா, பிறகா? வெளியார் மூன்று பேர் கூடிச் சொல்லட்டும், சொல்வதை ஏற்றுக்கொள்கிறோம் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. அந்த மூவரில் ஒருவன் நான். தீவின் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று உறுதி வாங்கிவிட்டார்கள். எழுதினாலும் வாசிப்பவர் வரைபடத்தில் தேடிக் களைத்துப்போவார்.

கொழும்பில் நான் பார்த்த உத்தியோகம் சட்டவரைஞர். மந்திரிமார் வாயில் வருவதைச் சட்டத்தின் மொழியில் எழுதிக் கொடுப்பது. எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு பேர் ஒரே வசனத்தின் கீழ் கையெழுத்துப் போடும்படி எழுத என்னை விட்டால் ஆளில்லை என்று அலுவலகத்தில் சொல்லுவார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

மொன்றியலில் என் மனைவியின் தம்பி நேசன் இருக்கிறான். சென்ட் லோரன்ட் பக்கம் விமானத்துக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீடு கோட்-டே-நேஷில். பேராசிரியை எனக்குக் கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு எதிரேயே ஹோட்டல் ஒழுங்குசெய்திருந்தார். காலைச் சாப்பாடும் உண்டு. விமான நிலையத்தில் என் பெட்டியைப் பறித்துக்கொண்ட நேசன் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

"எங்கட வீடு இருக்க ஹோட்டலோ அத்தான்? சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும்? நான் அதை நிப்பாட்டச் சொல்லிப்போட்டன்."

"ஆருக்குச் சொன்னனி?"

"அந்தப் பொம்பிளைக்குத்தான். நம்பர் தேடி எடுத்துக் கதைச்சன். பிரெஞ்சில நான் ஏசாத குறை. காசு மிச்சமெண்டு அவவுக்கு நல்ல சந்தோசம்."

ஆக, வீதியைக் கடந்தால் கூட்டம் என்றிருந்த என் நிலைமை, இரண்டு மெட்ரோ மாறினால் கூட்டம் என்று ஆயிற்று. மார்ச் மாதம். பனி உருகிச் சேறும் ஐஸும் கலந்த ஒரு கூழ் நடைபாதை முழுக்கக் கிடந்தது. நேசன் தன் தொழிற்சாலையின் பெயர் முதுகில் எழுதிய பெரிய குளிர்ச்சட்டை ஒன்றை எனக்கு மாட்டிவிட்டான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். யாப்பு நிபுணர் மாதிரி இல்லை, பெட்டி இறக்க வந்த ஆள் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் நாள் கூட்டம். நேசனின் மனைவி வதனி விடியவே எழும்பிப் பிட்டும் இடிச்ச சம்பலும் செய்து, மத்தியானத்துக்கென்று ஒரு பெட்டியில் சோறும் கட்டித் தந்தாள். பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் அவளுக்கு வேலை. இங்கே அதைக் கார்டெரி என்கிறார்கள். அதனால் எனக்கு வழி சொன்னதும் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் இருந்தது.

"நீலக் கோட்டில ஏறி ஸ்னோடனில இறங்கோணும் அண்ணை. அங்க செம்மஞ்சள் கோடு. அதில இருந்து எட்டாவதோ ஒன்பதாவதோ, பேரைப் பாத்து இறங்குங்கோ. நித்திரை கொள்ளக்கூடாது."

நித்திரை கொண்டுவிட்டேன். நேரமாற்றம், பிட்டு, அந்தச் சட்டையின் கதகதப்பு, எல்லாமாகச் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிட்டது. தோளில் யாரோ தட்டினார்கள். வண்டிப் பெட்டி முழுக்கக் காலி. எதிரே துப்புரவுத் தொழிலாளியின் உடுப்பில் ஒரு தமிழர் நின்றார்.

"அண்ணை, இறங்குங்கோ. இதுதான் கடைசி. லவால்."

"லவாலோ? நான் நகரத்துக்குள்ள எல்லோ போகோணும்."

"நகரம் எப்பவோ தாண்டிப் போட்டுது. வேலைக்குப் புதுசோ?" என்றார் என் முதுகைப் பார்த்துவிட்டு. "பயப்பிடாதேங்கோ. முதல் நாள் பிந்தினா ஒண்டும் சொல்லமாட்டினம்."

மொன்றியல் ஒரு தீவு. லவால் ஆற்றுக்கு அப்பால் இருக்கிற வேறு நகரம். ஒரு தீவின் தலைவிதியைத் தீர்மானிக்க வந்தவன், இருந்த தீவை விட்டே வெளியே போயிருக்கிறேன். அடுத்த வண்டியில் திரும்பி, மெட்ரோ வாசலில் சறுக்கி விழுந்து, ஒரு பக்கம் நனைந்த காற்சட்டையோடு கூட்ட அறைக்குள் நுழைந்தபோது தேநீர் இடைவேளை முடிந்திருந்தது.

அறையில் நான்கு பேர்தான். ஒருவர் இங்கிலாந்துக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி. வெள்ளைத் தலை, சாம்பல் நிறச் சால்வை, பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அடுத்தவர் எங்களை அழைத்த பேராசிரியை. கெபெக் மாகாணத்துக்காரி, கை இரண்டையும் வீசித்தான் பேசுவார். மூவரில் மூன்றாவது நான். நான்காவது ஆள் தீவுச் சபையின் சார்பில் வந்திருந்த மதாம் ரோசலி. ஐம்பது வயது இருக்கும். கறுத்து உயர்ந்த பெண். சபை உறுப்பினர் என்பது பக்க வேலை. தீவில் மீனவருக்கு ஐஸ் செய்து விற்கும் தொழிற்சாலை அவருடையது. எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். இங்கே நான் எழுதுவது என் மொழிபெயர்ப்பு.

நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "பக்கத்து வீடு எரியும்போது யாரும் தன் வீட்டுச் சுவரை இடித்துக் கட்டமாட்டார்கள். அமைதி வரட்டும். பிறகு பார்க்கலாம்."

பேராசிரியை மேசையில் தட்டினார். "பிறகு என்பது எப்போது? அந்த நாடு நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் எரிந்தது. இப்போதே கொடுக்க வேண்டும்."

இருவரும் மத்தியானம் வரை இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். ரோசலி ஒருமுறைதான் வாய் திறந்தார்.

"போன மழைக்காலம் எங்கள் கரையில் படகு ஒன்று வந்து சேர்ந்தது. பெண்களும் பிள்ளைகளும். பள்ளிக்கூட மண்டபத்தைத் திறந்து விடலாம் என்று சபை முடிவெடுத்தது. பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சபைக்கு அதிகாரமில்லை. ஆளுநர் கடல் கடந்து தன் அரசாங்கத்திடம் கேட்டு எழுதினார். பதில் வரவில்லை. மழை நிற்கவில்லை. என்னிடம் கூரை உள்ள கட்டடம் ஒன்றுதான் இருந்தது. ஐஸ் கிடங்கு. யந்திரத்தை நிறுத்திவிட்டு அவர்களை அதற்குள் விட்டேன். நனைந்து நடுங்கி வந்தவர்களைக் கொண்டுபோய்க் குளிருக்குள் வைத்தேன். ஒரு கைக்குழந்தைக்கு மார்ச்சளி பிடித்து இறந்துபோனது. பள்ளிக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். சாவி சபைக் காரியாலயத்தில் தொங்கியது." நீதிபதியைப் பார்த்தார். "பக்கத்து வீடு எரிகிறது என்கிறீர்கள். அதனால்தான் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்."

அந்த நேரமே வாயைத் திறந்து, இந்த அம்மா சொல்வதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வரைஞர் அல்லவா? வரைஞர் பக்கம் சாயமாட்டார். குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் கூட்டக்காரர் தந்தது பூட்டின் என்கிற இவ்வூர்ச் சாப்பாடு. உருளைக்கிழங்குப் பொரியலைக் குவித்து, பாற்கட்டித் துண்டு தூவி, மேலே சுடச்சுடப் பழுப்புக் குழம்பு ஊற்றுகிறார்கள். மொறுமொறுப்பாகப் பொரித்ததை எதற்கு உடனே ஊறப்போட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் வதனியின் பெட்டியைத் திறந்தேன். அறுக்குளா மீன்குழம்பின் மணம் அறையைத் தூக்கியது. நீதிபதி எழுந்துபோய் யன்னலைத் திறந்தார். ரோசலி கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"மீனா? என்ன மீன்?"

"எங்கள் ஊர் மீன். இங்கே உறையவைத்து வருகிறது."

"உறைந்த மீனைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று சிரித்துவிட்டுப் பாதியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். உறைப்பில் கண் கலங்கியது. நிறுத்தாமல் சாப்பிட்டார். சமைத்தவருக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். வதனிக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. அடுத்த நாள் பெட்டி இரண்டானது.

சனிக்கிழமை காலை அந்தப் பெட்டிகளை என் கையில் தரும்போது வதனி ஒரு விஷயம் சொன்னாள். அன்று பின்னேரம் கோயிலில் பொதுக்கூட்டம். அந்தக் கோயில் யாப்பின்படி குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அதுவும் குடும்பத் தலைவர் பெயரில். வளர்ந்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று மாற்ற வேண்டும் என்று அவளும் வேறு பெண்களும் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"வருசக்கணக்கா அன்னதானத்துக்குச் சமைக்கிறம் அண்ணை. உப்புக் காணுமோ எண்டு கேக்கினம். தலைவரா ஆர் வரோணும் எண்டு கேக்கேல்லை. நீங்கள் யாப்பெல்லாம் தெரிஞ்ச ஆள். உங்கட ஒரு சொல்லு எங்கட பக்கம் விழுந்தாக் காணும்."

"அதுக்கென்ன பிள்ளை" என்றேன் பெருந்தன்மையாக.

அன்று லவாலுக்குப் போகாமல் சரியான இடத்தில் இறங்கினேன். அந்தச் சாதனையிலேயே தலை கொஞ்சம் கனத்திருந்தது. அறையில் நீதிபதியும் பேராசிரியையும் முதல் நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். பேராசிரியைக்குக் குரல் கட்டிவிட்டது. நீதிபதி கண்ணைத் திறந்துகொண்டே பேசத் தொடங்கியிருந்தார், அவ்வளவு கோபம். நான் பேனாவை எடுத்தேன். ஒரு வசனம் எழுதி நடுவில் தள்ளினேன்.

தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தீவு மக்களின் தன்னாட்சி உரிமை ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொள்ளப்படுகிறது, உகந்த சூழ்நிலை ஏற்படும்போது அது நடைமுறைக்கு வரும்.

பேராசிரியை முற்பாதியை வாசித்தார். முகம் மலர்ந்தது. "ஐயத்துக்கிடமின்றி. இதைத்தானே நான் நேற்றிலிருந்து கேட்கிறேன்." நீதிபதி பிற்பாதியை வாசித்தார். கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். "அருமை. எழுதத் தெரிந்தவர் எழுதினால் இப்படி இருக்கும்." பத்து நிமிடத்தில் மூவரும் ஒப்பியாயிற்று. பேராசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு கெட்டிக்காரரை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோசலி அந்தத் தாளை எடுத்து வாசித்தார். மறுபடி வாசித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மீன்குழம்பு கொண்டு வந்தீர்களா என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். அன்று பாதியிலேயே கையைக் கழுவிவிட்டார். உறைப்புக் கூடிவிட்டது போலும் என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

பின்னேரம் கோயில். சென்ட் லோரன்டில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு கிடங்கைக் கோயிலாக்கியிருக்கிறார்கள். வாசலில் சப்பாத்துகளெல்லாம் சேறு வடியக் கிடந்தன. உள்ளே கர்ப்பூர மணம், ஈரக் காலுறை மணம். பூசை முடிந்து கதிரை போட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், பிள்ளைகள் மூலையில் பிரெஞ்சில் சண்டை. தலைவர் குலசிங்கம் அண்ணை கோயில் தொடங்கிய நாளிலிருந்து தலைவர். என்னைக் கண்டதும் மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்தி, "ஐநாவுக்கே யாப்பு எழுதிக் குடுக்கிற எங்கட அறிஞர்" என்று அறிமுகம் செய்தார். ஐநாவுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் திருத்தவில்லை. எதையும் திருத்தாமல் இருப்பதில்தான் எனக்கு அனுபவம்.

வதனி எழுந்து பெண்கள் சார்பில் பேசினாள். நன்றாகப் பேசினாள். நாங்களும் சந்தா கட்டுகிறோம், எங்களுக்கும் வாக்கு வேண்டும் என்றாள். தலைவர் சிரித்த முகம் மாறாமல் எழுந்தார்.

"தங்கச்சி சொல்லுறது நூற்றுக்கு நூறு நியாயம். நான் மறுக்கேல்லை. ஆனா நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ. லவால் பக்கத்தில ஒரு கோயில் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. ரொறன்ரோவில ஒண்டு கோட்டு வழக்கெண்டு நிக்குது. அக்கம்பக்கமெல்லாம் பத்தி எரியேக்க நாங்கள் போய் யாப்பில கை வைக்கிறதோ? எங்கட அறிஞர் ஒரு வழி சொல்லட்டும். அவர் எழுதித் தாறதை அப்பிடியே தீர்மானமாப் போடுவம்."

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் நேசன் என் மைத்துனன் என்கிற பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தான். பின்வரிசையில் வதனி நின்றபடியே என்னைப் பார்த்தாள். ஒலிவாங்கி கையில். பொன்னாடை தோளில். அந்த நிலையில் ஆண்டவன் மனிதனுக்கு மூளையைக் கொடுப்பதில்லை.

"பெண்களின் வாக்குரிமையை இச்சபை ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொள்கிறது. உகந்த சூழ்நிலை ஏற்படும்போது அது நடைமுறைக்கு வரும்" என்றேன்.

கிடங்கு அதிரக் கைதட்டல். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்தார். ஏகமனதாக நிறைவேறிற்று. நிறைவேற்றியவர்கள் குடும்பத் தலைவர்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வதனி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணை, உகந்த சூழ்நிலை வந்திட்டுது எண்டு ஆர் சொல்லுறது?"

"நிர்வாகசபைதான் சொல்லும்."

"நிர்வாகசபையை ஆர் தெரிவு செய்யிறது?"

"வாக்கு உள்ள ஆக்கள்."

"அப்ப நாங்கள் இல்லை."

நான் சட்டையைக் கொக்கியில் மாட்டினேன். நேசன், "அத்தான் எவ்வளவு நாசூக்காச் சொன்னவர், நீ என்னடி" என்று தொடங்கினான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வசனத்தை முடிக்காமலே படுக்கப் போனான். படுக்கையில் கிடந்து தலைவரை நினைத்து முதலில் கோபப்பட்டேன். அக்கம்பக்கம் எரிகிறதாம், யாப்பில் கை வைக்கக்கூடாதாம், என்ன சாட்டு இது என்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அந்தச் சாட்டைப் பகலில் ஒரு நீதிபதி சொன்னார், அதற்கு அழகான உடுப்புப் போட்டு அனுப்பியவன் நான். ஐஸ் கிடங்கில் செத்த பிள்ளையின் கதையைக் கேட்ட பிறகு எழுதிய வசனம் அது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு காலை மேசையில் பிட்டு இல்லை. இரண்டு பாண்துண்டு இருந்தது, வாட்டக்கூட இல்லை. பக்கத்தில் பட்டர் பெட்டி, அதுவும் மூடியபடி. நான் அதை இரண்டு வாய் கடித்துவிட்டு வதனியிடம் போனேன்.

"நான் செய்தது பிழை பிள்ளை. போறதுக்கு முதல் குலசிங்கம் அண்ணையோட கதைக்கிறன்."

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நீங்கள் நாளைக்குப் போயிடுவியள். அதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்." அவள் தொலைபேசியைக் கையில் வைத்து யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். "வாற வெள்ளி அன்னதானம். சமைக்கிறதை ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொள்ளுறம், உகந்த சூழ்நிலை ஏற்படேக்க அடுப்பு மூட்டுறம் எண்டு எல்லாருமாச் சொல்லப்போறம்."

நேசன் தேத்தண்ணிக் கோப்பையோடு உறைந்து நின்றான். நான் சிரித்துவிட்டேன். வதனி சிரிக்கவில்லை.

கூட்ட அறைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். மற்றவர்கள் வந்ததும், என் வசனத்தை மீட்டுக்கொள்கிறேன், தீவு மக்களுக்கு இப்போதே அதிகாரம் கொடுக்க வேண்டும் என்பதே என் முடிவு, கையெழுத்திடமாட்டேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வேலை பார்த்த காலம் முழுக்க ஒருவர் முகத்துக்கு நேரே என் முடிவு இது என்று சொன்ன ஞாபகம் இல்லை.

நீதிபதி கண்ணைத் திறந்து என்னைப் பரிவோடு பார்த்தார். "நல்ல ஓவியர்களுக்கும் தங்கள் படத்தின்மேல் இப்படி ஒரு சந்தேகம் வரும். தொடாமல் விடுங்கள்."

பேராசிரியை தயங்கினார். "மூவரும் ஒப்பிய வசனம் என்று நேற்று மாலையே இரண்டு தரப்புக்கும் அனுப்பிவிட்டேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது. ஆள்பவர்களிடமிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. முழுமனதாக ஏற்கிறார்களாம்."

"ஒரு மணி நேரத்துக்குள்" என்றார் ரோசலி. "பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை."

பேராசிரியை முகம் சிவந்து குனிந்துகொண்டார். நான் விடவில்லை. வேண்டுமானால் என் மறுப்பைக் கடைசிப் பக்கத்தில் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம் என்றார்கள். சரி என்று உட்கார்ந்து எழுதினேன். அந்தத் தீவின் மக்கள் தங்களை ஆளும் பொறுப்பை இப்போதே ஏற்க வேண்டும், அயல்நாடு எரிவதே அதற்குக் காரணம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வாசித்துப் பார்த்தேன். அழகில்லாத வசனம். யாரும் கை குலுக்கவில்லை.

கூட்டம் முடிந்து ரோசலியும் நானும் மெட்ரோவுக்கு நடந்தோம். சறுக்கும் இடங்களில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அல்லது நான் அவருடையதை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று மனம் எதிர்பார்த்துக்கொண்டே வந்தது. வெட்கமில்லாத மனம். படியிறங்கி மேடையில் நின்ற பிறகுதான் பேசினார்.

"அவர்கள் இருவரும் ஒருநாளும் ஒத்துப்போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் வேண்டாம் என்பார், ஒருவர் வேண்டும் என்பார். ஆக எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் ஆள். மூன்றாவது ஆளைத் தீவுச் சபை தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். உங்களைக் கேட்டு வாங்கியது நான்தான்."

"நீங்களா? ஏன்?"

"உங்கள் நாட்டுச் செய்தியைப் பல வருடமாக வாசிக்கிறேன். பிறகு, பிறகு என்று சொல்லக் கேட்டே நரைத்த ஒருவர் வந்தால், அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"இனி என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"போனதும் ஐஸ் கிடங்கில் கூட்டம் போடுவேன். படித்த மூன்று பேர் எங்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டார்கள் என்பேன். மூவரில் ஒருவர் அடுத்த நாளே வெட்கப்பட்டு, இல்லை, இப்போதே என்று எழுதித் தந்தார் என்பேன். எந்த ஒருவர் என்று கேட்பார்கள். பொறுக்கச் சொல்லி எழுதினாரே, அவரேதான் என்பேன்." அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் ஆட்களைச் சிரிக்கவைத்தால் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள். எனக்கு ஆட்கள் வர வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லலாமா?"

"சொல்லுங்கள்."

"அதை எப்படிச் சொல்வது? பிழையாகச் சொன்னால் கதை எடுபடாது."

தில்லையம்பலநாதன் என்றேன். உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தில்லை என்று தனியாக, அம்பலம் என்று தனியாக, நாதன் என்று தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். சுரங்கத்துக்குள் வண்டி வரும் காற்று வீசத் தொடங்கியது. அவர் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். கதவு திறக்கும்போது பிசகில்லாமல் வந்துவிட்டது.